டொமைன் பெயர் யார் பெயரில் இருக்கிறது? நேரடி விற்பனை செய்யும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மஞ்சள் தூள், நாட்டுச் சர்க்கரை, மரச்செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி, தேன், காய்கறி விதை என விளைபொருட்களை இணையதளம் வழியாக நேரடியாக விற்கும் விவசாயிகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் பெருகி வருகின்றனர். இணையதள முகவரியைப் பையிலும் லேபிளிலும் ரசீதிலும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். வாடிக்கையாளர் அடுத்த முறை அந்த முகவரியைப் பார்த்தே தேடி வருகிறார். ஆனால் அந்த முகவரி யார் பெயரில் பதிவாகி இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது என்று கேட்டால், "வெப்சைட் செய்து கொடுத்த தம்பிக்குத்தான் தெரியும்" என்பதே பல இடங்களில் பதிலாக இருக்கிறது.

நிலம் வாங்கினால் பட்டா யார் பெயரில் வந்தது என்று பார்க்காமல் யாரும் விடுவதில்லை. இணையதளப் பெயருக்கும் அதே கவனம் தேவை. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே அந்தப் பெயரின் உரிமையாளராகக் கருதப்படுவார். இணையதளத்துக்குப் பணம் கொடுத்தவர் நீங்களாக இருந்தாலும் பதிவில் உங்கள் பெயர் இல்லையென்றால் உரிமையை நிரூபிக்க அலைய வேண்டி வரும். டொமைன் பெயரை முறையாகப் பதிவு செய்து பாதுகாக்கும் வழிகள் இங்கே தரப்பட்டுள்ளன.

டொமைன் பெயர் என்றால் என்ன?

டாட் காம், டாட் இன் என்று முடியும் இணையதள முகவரியே டொமைன் பெயர். இணையதளத்தின் படங்கள், விலைப்பட்டியல், ஆர்டர் விவரம் ஆகியவை சேமிக்கப்படும் இடம் ஹோஸ்டிங். டொமைன் பெயர் வேறு, ஹோஸ்டிங் வேறு. ஹோஸ்டிங் சேவையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம். வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. டொமைன் பெயர் கைவிட்டுப் போனால், அச்சடித்த லேபிள் முதல் வாடிக்கையாளர் மனதில் பதிந்த பெயர் வரை எல்லாம் வீணாகிவிடும்.

டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கான விதிகளை 1998-ல் தொடங்கப்பட்ட ஐகேன் என்ற பன்னாட்டு அமைப்பு வகுக்கிறது. இந்தியாவுக்கு உரிய டாட் இன் பெயர்களை நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் பெயர்களும் நிக்சியின் பொறுப்பில் உள்ளன. இந்த அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்கள் வழியாகத்தான் நாம் பெயரைப் பதிவு செய்கிறோம்.

டொமைன் பெயர் நிரந்தரமாக விலைக்கு வாங்கும் பொருள் அல்ல, குத்தகை போன்றது. 1 ஆண்டு முதல் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்யலாம். காலம் முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் வேறு யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக் கொள்ளலாம்.

பெயரை இழந்தால் என்ன நடக்கும்?

மஞ்சள் விற்கும் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தை எடுத்துக் கொள்வோம். டொமைன் பெயர் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனால், முதலில் இணையதளம் நின்றுவிடும். அடுத்து, அந்தப் பெயரில் இயங்கும் மின்னஞ்சல் முகவரிகளும் நின்றுவிடும். பெயரைப் புதிதாக எடுத்தவர் விரும்பினால் அதே மின்னஞ்சல் முகவரிகளைத் தன் பக்கம் உருவாக்கிக் கொள்ள முடியும். பிறகு மொத்த வியாபாரி அனுப்பும் கொள்முதல் ஆணை அவருக்குப் போகும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் செலுத்துங்கள்" என்று அதே முகவரியிலிருந்து அவர் பதில் அனுப்பினால், வியாபாரி சந்தேகப்பட மாட்டார். விளைபொருள் ஒரு பக்கமும் பணம் இன்னொரு பக்கமும் போய்விடும்.

இது சிறு நிறுவனங்களுக்கு மட்டும் நேரும் சிக்கல் அல்ல. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயில் பயன்படுத்திய பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தனர். மைக்கேல் சேனி என்ற அமெரிக்கக் கணினி வல்லுநர் தன் கைப்பணத்தில் 35 டாலர் கட்டிய பிறகுதான் நிலைமை சீரானது. அவர் நல்லவராக இருந்ததால் பெயர் தப்பியது.

பெயரைத் தேர்வு செய்தல்

1. தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் தவறில்லாமல் எழுதும்படி பெயர் இருக்க வேண்டும். உழவன், வாழை, பழம் போன்று 'ழ' உள்ள சொற்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். அத்தகைய பெயரைத் தேர்வு செய்தால் வழக்கத்தில் உள்ள இன்னொரு எழுத்துமுறையிலும் பதிவு செய்து, இரண்டையும் ஒரே இணையதளத்துக்குத் திருப்பிவிடலாம்.

2. பயிர் பெயரையும் ஊர்ப் பெயரையும் மட்டும் சேர்த்துப் பெயர் வைப்பதைத் தவிர்க்கலாம். ஈரோடு மஞ்சளுக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை அந்தப் பகுதி விவசாயிகள் அனைவருக்கும் பொதுவான பெயர்கள். அந்தப் பெயரை மட்டும் நம்பி வியாபாரம் செய்தால், பின்னாளில் உங்களுக்கே உரியது என்று வாதாட முடியாது. உங்கள் நிறுவனத்தின் தனிப் பெயரைச் சேர்த்துக் கொள்ளவும்.

3. அரசுத் திட்டம் போலத் தோன்றும் பெயரை வைக்கக் கூடாது.

4. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் உள்நாட்டில் இருந்தால் டாட் இன் போதுமானது. ஏற்றுமதி செய்பவர்கள் டாட் காம் பெயரையும் சேர்த்து எடுத்துக் கொள்வது நல்லது. தமிழ் எழுத்துப் பெயரைக் கூடுதலாக வைத்துக் கொள்ளலாம். அதில் அமையும் மின்னஞ்சல் முகவரியை எல்லாச் சேவைகளும் ஏற்பதில்லை என்பதால் அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

5. விளம்பரத்தில் காட்டும் முதலாண்டு சலுகை விலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இரண்டாம் ஆண்டு முதல் புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

பதிவு நிறுவனத்தின் தளத்தில் கணக்கை நீங்களே தொடங்க வேண்டும். கணினி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு செய்யலாம். கணக்கு மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

உரிமையாளர் பெயர்: தனி விவசாயி என்றால் அவரது பெயர், நிறுவனம் என்றால் சான்றிதழில் உள்ளபடி நிறுவனத்தின் முழுப்பெயர். வடிவமைப்பாளரின் பெயர் உரிமையாளர் பகுதியில் வரவே கூடாது. வேண்டுமானால் தொழில்நுட்பத் தொடர்பு என்ற பகுதியில் அவர் பெயரைத் தரலாம்.

விவரங்கள்: முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை அடையாளச் சான்றில் உள்ளபடி கொடுக்க வேண்டும். டாட் காம் போன்ற பெயர்களைப் பதிவு செய்ததும் சரிபார்ப்பு மின்னஞ்சல் வரும். 15 நாட்களுக்குள் அதை உறுதி செய்யாவிட்டால் பெயர் முடக்கப்படலாம். டாட் இன் பெயர்களில் உரிமையாளரை மறைத்து வேறொருவர் பெயரில் பதிவு செய்து தரும் சேவைக்கு அனுமதி இல்லை.

மின்னஞ்சல்: பலர் இதைக் கவனிப்பதில்லை. பதிவுக் கணக்குக்கு அதே டொமைன் பெயரில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லும் கடிதமோ பாஸ்வேர்டு மாற்றும் கடிதமோ வந்து சேராது. ஜிமெயில் போன்ற பொதுச் சேவையில் இதற்கென்று ஒரு முகவரியைத் தொடங்கிக் கொள்ளவும்.

கைப்பேசி எண்: ஓ.டி.பி. வரும் எண் எப்போதும் ரீசார்ஜ் செய்யப்பட்ட எண்ணாக இருக்க வேண்டும். தொடர்ந்து 90 நாட்கள் பயன்படுத்தப்படாத எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம்.

ரசீது: பணம் செலுத்திய ரசீதை அச்செடுத்து வைக்கவும். பின்னாளில் தகராறு வந்தால் அதுவே முதல் ஆதாரம்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு

நிறுவனங்களில் தலைமைச் செயல் அலுவலர்களும் இயக்குநர்களும் மாறிக் கொண்டே இருப்பார்கள். ஒருவரது சொந்த மின்னஞ்சலிலும் சொந்த எண்ணிலும் கணக்கு இருந்தால், அவர் விலகும்போது சிக்கல் தொடங்கும். எனவே,

• டொமைன் பெயர் நிறுவனத்தின் சொத்து என்று இயக்குநர் குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

• பதிவு நிறுவனத்தின் பெயர், காலாவதி தேதி, கணக்கு மின்னஞ்சல் ஆகியவற்றைச் சொத்துப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்டைப் பதிவேட்டில் எழுதாமல், உறையில் ஒட்டி அலுவலகப் பெட்டகத்தில் வைக்கலாம்.

• கணக்கை இயக்கும் முறை குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

• பொறுப்பு மாறும்போது சாவி, காசோலைப் புத்தகம் ஆகியவற்றோடு டொமைன் கணக்கையும் ஒப்படைத்ததாகக் கையொப்பம் வாங்க வேண்டும். அன்றே பாஸ்வேர்டையும் கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட வேண்டும்.

ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருந்தால்

முதலில் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்திலோ, டாட் இன் பதிவகத்தின் தேடல் பக்கத்திலோ உங்கள் டொமைன் பெயரை இட்டுப் பார்க்கவும். எந்தப் பதிவு நிறுவனத்தில் உள்ளது, எப்போது பதிவானது, எப்போது முடிகிறது என்பவை தெரியும். தனியுரிமை விதிகளால் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியாது. அதனால் வடிவமைப்பாளரிடம் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லி, உரிமையாளர் பகுதியில் யார் பெயர் உள்ளது என்று நேரில் பார்க்க வேண்டும்.

அவர் பெயரில் இருந்தால் சண்டை தேவையில்லை. பல இடங்களில் வேலை எளிதாக முடியட்டும் என்று தன் கணக்கிலேயே பதிவு செய்திருப்பார். அதே பதிவு நிறுவனத்தில் நீங்கள் ஒரு கணக்கு தொடங்கினால், அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றித் தரலாம். இதுவே சுலபமான வழி.

வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமானால், மாற்றத் தடைப் பூட்டை நீக்கி, மாற்றக் குறியீடு எனப்படும் இரகசியக் குறியீட்டைப் பெற வேண்டும். டாட் காம் பெயர்களுக்கு உரிமையாளர் கேட்ட 5 நாட்களுக்குள் இந்தக் குறியீட்டைப் பதிவு நிறுவனம் தர வேண்டும். புதிதாகப் பதிவு செய்த, அல்லது அண்மையில் மாற்றிய பெயரை 60 நாட்கள் வரை மீண்டும் மாற்ற முடியாமல் இருக்கலாம். எனவே காலாவதி தேதி நெருங்கும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தொடங்கவும்.

இனி புதிதாக இணையதளம் செய்யக் கொடுப்பவர்கள், "டொமைன் பெயர் எங்கள் பெயரில், எங்கள் கணக்கில் பதிவு செய்யப்படும்" என்ற ஒரு வரியை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்க வேண்டும்.

புதுப்பித்தல்: நாள் கணக்கு

டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது விதி. காலாவதியான பிறகும் 5 நாட்களுக்குள் ஒருமுறை தெரிவிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் கீழ்க்கண்ட நிலைகள் வரும்.

முதல் நிலை: காலாவதிக்குப் பின் வரும் சலுகைக் காலம். இது பதிவு நிறுவனத்தைப் பொறுத்து மாறும். அதிகபட்சம் 45 நாட்கள். சில நிறுவனங்கள் மிகக் குறைந்த நாட்களே தருகின்றன. இந்த நாட்களில் இணையதளம் நின்றுவிடலாம். ஆனால் வழக்கமான கட்டணத்திலோ சற்றுக் கூடுதலாகவோ செலுத்திப் புதுப்பிக்கலாம்.

இரண்டாம் நிலை: மீட்புக் காலம் 30 நாட்கள். இப்போதும் பழைய உரிமையாளர் மட்டுமே மீட்க முடியும். ஆனால் கட்டணம் பல மடங்கு ஆகும்.

மூன்றாம் நிலை: நீக்கத்துக்குக் காத்திருக்கும் 5 நாட்கள். இப்போது எதுவும் செய்ய முடியாது. அதன் பிறகு பெயர் பொதுவில் விடப்படும். நல்ல பெயர்களைப் பிடிப்பதற்கென்றே மென்பொருள் வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு.

சில பதிவு நிறுவனங்கள் சலுகைக் காலத்திலேயே பெயரை ஏலத்தில் விட்டுவிடும். ஆகவே சலுகைக் காலத்தை நம்பி இருக்கக் கூடாது. காலாவதிக்கு 60 நாட்களுக்கு முன்பே புதுப்பித்துவிடவும். முன்கூட்டிப் புதுப்பித்தாலும் நாட்கள் வீணாகாது. பழைய தேதியிலிருந்தே அடுத்த ஆண்டு கணக்கிடப்படும்.

தானியங்கிப் புதுப்பித்தல் வசதியை இயக்கி வைப்பது நல்லது. ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வங்கி அட்டையிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் பணம் எடுக்க உங்கள் முன் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டுப் பதிவு நிறுவனங்களில் இந்த ஒப்புதல் அமையாமல் பணம் எடுப்பது தோல்வியடையலாம். அட்டை காலாவதியானாலும் இதே நிலைதான். வசதி இருந்தால் 3 அல்லது 5 ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம்.

கணக்கைப் பூட்டி வைத்தல்

• பதிவுக் கணக்குக்கும், அதோடு இணைந்த மின்னஞ்சலுக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு வைக்கவும். ஊர்ப் பெயர், கைப்பேசி எண், பிறந்த தேதி வேண்டாம்.

• இரண்டிலும் இரட்டை அடுக்குச் சரிபார்ப்பை இயக்கவும். அப்போது பாஸ்வேர்டு திருடு போனாலும் திருடியவர் உள்ளே நுழைவது கடினம். அதற்கான மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்துப் பத்திரங்களுடன் வைக்கவும்.

• மாற்றத் தடைப் பூட்டு இயக்கத்தில் உள்ளதா என்று பார்க்கவும். இது இருந்தால் உங்கள் கணக்கில் நுழைந்து பூட்டை நீக்காமல் பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டு போக முடியாது.

• மாற்றக் குறியீட்டையும் ஓ.டி.பி.யையும் தொலைபேசியில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது.

போலிக் கடிதங்களும் போலி இணையதளங்களும்

டொமைன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வகைப் போலிக் கடிதங்கள் அதிகம் வரும். ஒன்று, "உங்கள் பெயர் காலாவதியாகிறது, உடனே இந்த இணைப்பில் பணம் கட்டுங்கள்" என்பது. அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே பதிவு நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று தேதியைப் பார்க்கவும். மற்றொன்று, "உங்கள் பெயரைச் சீனாவில் வேறொரு நிறுவனம் பதிவு செய்யப் போகிறது, தடுக்க வேண்டுமானால் எங்களிடம் பதிவு செய்யுங்கள்" என்பது. இது பழைய மோசடி. பதில் அனுப்பத் தேவையில்லை.

டொமைன் பெயரைப் படிக்கத் தெரிந்தால் அரசுத் திட்டப் பெயரில் நடக்கும் மோசடியிலிருந்தும் தப்பலாம். சூரிய சக்தி பம்புசெட்டுக்கான பி.எம். குசும் திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் தொடங்கி, விவசாயிகளிடம் பதிவுக் கட்டணம் என்று பணம் பறிப்பதாக மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் பலமுறை எச்சரித்துள்ளது. அந்தப் போலி முகவரிகளில் திட்டத்தின் பெயர் இருந்தது; முடிவில் டாட் காம், டாட் கோ டாட் இன் போன்றவை இருந்தன. மத்திய, மாநில அரசுத் தளங்களின் முகவரி பொதுவாக ஜி, ஓ, வி என்ற மூன்று எழுத்துகளோடு டாட் இன் என்று முடியும். இந்த முடிவை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறார்கள். முகவரியின் தொடக்கத்தைப் பார்க்காமல், முதல் சாய்கோட்டுக்கு முன் உள்ள கடைசிப் பகுதியைப் பார்க்க வேண்டும்.

பெயர் பறிபோனால்

உடனே பதிவு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெயரை முடக்கி வைக்கக் கேட்க வேண்டும். ரசீது, நிறுவனச் சான்றிதழ், பழைய லேபிள் ஆகியவற்றை இணைக்கவும். பண மோசடி நடந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யவும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம். வழக்கமாக வாங்கும் வியாபாரிகளுக்கும் தொலைபேசியில் தகவல் சொல்லிவிடவும்.

உங்கள் வணிகப் பெயரை ஒருவர் கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்திருந்தால், டாட் இன் பெயர்களுக்கு நிக்சியின் தகராறு தீர்வு முறைப்படி நடுவர் முன் வழக்குத் தொடுக்கலாம். டாட் காம் பெயர்களுக்கு ஐகேன் வகுத்த தனி முறை உள்ளது. டொமைன் பெயருக்கும் வணிகக் குறியீட்டைப் போன்ற சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

ஆனாலும் வணிகக் குறியீடு பதிவு செய்திருந்தால் வாதம் வலுவாக இருக்கும். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அரிசி, மஞ்சள் தூள் போன்றவை 30-ம் வகுப்பிலும், சமையல் எண்ணெய் 29-ம் வகுப்பிலும், புதிய காய்கனிகளும் விதைகளும் 31-ம் வகுப்பிலும் வரும்.

ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க

கணக்குத் தணிக்கை முடிக்கும் மாதத்தில் கீழ்க்கண்டவற்றையும் ஒருமுறை பார்த்துவிடவும்.

1. உரிமையாளர் பகுதியில் உங்கள் பெயர், அல்லது நிறுவனத்தின் பெயர் உள்ளதா?
2. காலாவதி தேதி என்ன? நாட்காட்டியில் குறித்தாயிற்றா?
3. கணக்கின் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் பயன்பாட்டில் உள்ளனவா?
4. இரட்டை அடுக்குச் சரிபார்ப்பும் மாற்றத் தடைப் பூட்டும் இயங்குகின்றனவா?
5. பணம் எடுக்கப்படும் வங்கி அட்டை செல்லுபடி ஆகிறதா?
6. விவரம் தெரிந்த இரண்டாவது நபர் யார்?

இந்த ஆறையும் பார்க்க அரை மணி நேரம் போதும். சாதாரண டாட் இன் பெயரைப் புதுப்பிக்க ஆண்டுக்கு ஆகும் செலவு ஒரு மூட்டை உரத்தின் விலையை ஒட்டியே இருக்கும். பல பருவங்கள் உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளர்களைக் காக்க அது பெரிய செலவு அல்ல. இணையதளம் வைத்திருக்கும் விவசாயிகள் இன்றே தங்கள் டொமைன் பெயரின் காலாவதி தேதியைப் பார்த்துக் குறித்து வைக்கவும்.